புதிர்ப்பாதையில் தானே வழி கண்டுபிடிக்கும் குட்டி ரோபோ: உடல் முதல் வேக ஓட்டம் வரை

சுவர்களுக்கு நடுவே ஒரு மூலையில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கையளவு ரோபோ யார் உதவியும் இல்லாமல் திரிந்து, எங்கே சுவர், எங்கே வழி என்று தனக்குள் வரைபடம் போட்டுக்கொண்டு, நடுவில் இருக்கும் இலக்கைத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, அடுத்த முறை சிறந்த வழியில் ஒரே மூச்சாக ஓட வேண்டும். இதற்கு மைக்ரோமவுஸ் என்று பெயர். நாம் எலி என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழி தேடும் கணக்கு இதில் சுலபமான பகுதி. என் முதல் எலிக்கு நான் எழுதிய வழிதேடும் நிரல் கணினித் திரையில் ஒரே நாளில் சரியாக ஓடியது, ஆனால் நிஜ எலி 10 கட்டம் நேராகப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்பதற்குப் பல மாதம் ஆனது. தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது எலிக்கு ஒரே ஒரு முறை தப்பிவிட்டால் போதும், அதன்பிறகு அது குறித்துவைக்கிற ஒவ்வொரு சுவரும் தப்பான இடத்தில் விழும், அந்த வரைபடத்தை வைத்து எவ்வளவு நல்ல கணக்குப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கால்களுக்கும் கண்களுக்கும்தான் அதிக இடம். வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை சொல்லியிருக்கிறேன், அது தேறாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

எந்த அளவுக்கு ஏற்பக் கட்டுகிறோம்

பழைய, பொதுவான போட்டி அளவு இது: 16 × 16 கட்டங்கள், ஒரு கட்டம் 18 செ.மீ. சதுரம், சுவர் 5 செ.மீ. உயரம், 12 மி.மீ. தடிமன். சுவரின் பக்கங்கள் வெள்ளை, மேல்பக்கம் சிவப்பு, தரை கறுப்பு. ஒரு மூலையில் தொடக்கம், நடுவில் இருக்கும் 4 கட்டங்கள் இலக்கு. இதில் பாதி அளவில் 9 செ.மீ. கட்டம் உள்ள இன்னொரு வகையும் உண்டு, அதை இரண்டாவது எலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு ஏன் நடுவில் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1950-லேயே கணிதவியலாளர் கிளாட் ஷானன் 'தீசியஸ்' என்று ஒரு எந்திர எலி செய்தார், ஆனால் அதன் மூளை எலிக்குள் இல்லை, தரைக்கு அடியில் ரிலேக்களாக (மின்காந்த சுவிட்சுகளாக) இருந்தது, எலியைக் கீழிருந்து ஒரு காந்தம் இழுத்துக்கொண்டு போனது. மூளையையும் பேட்டரியையும் தானே சுமந்து ஓட வேண்டும் என்கிற போட்டியை மின்பொறியாளர்கள் அமைப்பான ஐஈஈஈயின் ஸ்பெக்ட்ரம் இதழ் 1977-ல் அறிவித்தது, இறுதிப் போட்டி 1979-ல் நியூயார்க்கில் நடந்தது. வெளியேறும் வழி ஓரத்தில் இருந்ததால், ஒரு பக்கச் சுவரை ஒட்டியே வேகமாக ஓடினாலே போதும், வரைபடமே வேண்டாம் என்று அந்தப் போட்டி காட்டிவிட்டது. பிற்பாடு இலக்கை நடுவுக்கு மாற்றினார்கள். நடுவில் இருக்கும் சுவர்கள் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தீவு மாதிரி நின்றால், சுவரை ஒட்டியே போகிற எலி இலக்கைச் சுற்றிச்சுற்றி வந்து கிளம்பிய இடத்துக்கே போய்விடும். வலக்கை விதியை, அதாவது வலப்பக்கச் சுவரை விடாமல் ஒட்டிப் போவதை, வைத்து எலி செய்யலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

முதலில் ஓடுதளம்

எலிக்கு முன்னால் தளத்தைச் செய்யுங்கள். முழு அளவுத் தளம் கிட்டத்தட்ட 3 மீட்டர் சதுரம், அது வீட்டுக்குள் அடங்காது. 5 × 5 கட்டம் என்றால் 90 செ.மீ. சதுரம்தான், அதில் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். இதோடு 10 கட்ட நீளத்துக்கு, அதாவது 1.8 மீட்டருக்கு, ஒரு நேர் சந்து போடும்படி பலகைகள் வைத்திருங்கள்.

12 மி.மீ. தடிமன் பலகையை 5 செ.மீ. அகலத்துக்கு அறுத்து, தூண்களுக்கு நடுவே பொருந்த 168 மி.மீ. நீளத்தில் துண்டு போட வேண்டும். தூண் 12 × 12 மி.மீ. பளபளப்பில்லாத வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். தரைக்குக் கறுப்பு அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற சில பெயிண்ட்கள் அகச்சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அடிக்கும். ஒரு சின்ன மரத்துண்டில் அடித்து, சென்சாரை நீட்டிப் பார்த்துவிட்டு முழுத்தளத்துக்கும் அடியுங்கள்.

உடல்

சுவர்களுக்கு இடையே இருக்கும் இடம் 168 மி.மீ. எலி நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமானால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுப்புள்ளியிலிருந்து உடலின் எந்த மூலையும் 84 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. உடல் 100 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், அச்சு சரியாக நடுவில் என்று வைத்தால் மூலையின் தூரம் 64 மி.மீ. சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. தொடக்க எலிக்கு இது போதும். பின்னால் குறுக்குவாட்டில், 45 டிகிரியில் ஓடவைக்கும் ஆசை இருந்தால் இன்னொரு எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: குறுக்காகப் போகும்போது தூண்களுக்கு இடையே கிடைப்பது சுமார் 110 மி.மீ. அகலம்தான். அகலம் 80-ஐத் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

இரண்டு சக்கரம், முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகிற சின்ன டெஃப்லான் துண்டு. சுழலும் குட்டிச்சக்கரம் வேண்டாம், அது திரும்பும் ஒவ்வொரு முறையும் எலியை ஒரு பக்கம் தள்ளிவிடும். எடை முழுவதும் சக்கரங்களின் மேல் விழுகிற மாதிரி பேட்டரியை அச்சுக்கு மேலேயே தாழ்வாக வையுங்கள். எடை ஓரத்துக்குப் போகப்போக திரும்பும்போது எலி சுழன்று நிற்க அதிக நேரம் எடுக்கும், கணக்கில் சரியாகப் போட்ட திருப்பம் நிஜத்தில் தாண்டிப்போகும்.

உடலுக்கு 3டி பிரிண்ட் செய்த தட்டு போதும். கை பழகியதும் சர்க்யூட் பலகையையே உடலாக வைத்துக்கொள்ளலாம், எடையும் உயரமும் ஒரே அடியில் குறையும்.

மோட்டார், பேட்டரி, போர்டு

கியரோடு வரும் என்20 வகைக் குட்டி மோட்டார் இரண்டு, பின்பக்கத்தில் காந்த என்கோடர் (அச்சு எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் கருவி) பொருத்தியதாக. என்கோடர் இல்லாத மோட்டாரை வாங்கிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், என்கோடர் இல்லாமல் இந்த வேலையே கிடையாது. 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 500 சுற்று மோட்டாரும் 32 மி.மீ. சக்கரமும் என்றால் உச்ச வேகம் வினாடிக்கு சுமார் 0.84 மீட்டர். தேடுவதற்கு 0.3 போதும், அதனால் கையில் தாராளமாக மிச்சம் இருக்கிறது.

மோட்டாரை ஓட்ட டிபி6612எஃப்என்ஜி அல்லது டிஆர்வி8833 மாதிரி சின்ன டிரைவர் சிப். பல பெட்டிகளில் இலவசம் போலக் கிடைக்கும் எல்298என் போர்டைத் தவிருங்கள், அது பெரிது, தனக்குள்ளேயே சுமார் 2 வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

பேட்டரி இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்). பெயருக்கு 7.4 வோல்ட், முழுதாக ஏறியதும் 8.4. மோட்டார் 6 வோல்ட் என்பதால் நிரலில் பிடபிள்யூஎம் அளவை (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுப்பதில் அது எரிந்திருக்கும் நேரத்தின் சதவீதம்) ஏறத்தாழ 70 சதவீதத்தில் கட்டிப்போடுங்கள். 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் இரண்டு மின்தடைகளை வைத்துப் பேட்டரி வோல்ட்டேஜைப் பிரித்துப் போர்டுக்குக் கொடுத்தால், 8.4 வோல்ட் 2.8 ஆகத் தெரியும். இதை எப்போதும் படித்துக்கொண்டே இருக்க இரண்டு காரணம். ஒன்று, செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் எலி தானே நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கெட்டுப்போகும். இரண்டு, பேட்டரி இறங்க இறங்க அதே பிடபிள்யூஎம்முக்கு மோட்டார் மெதுவாகும். "இத்தனை சதவீதம்" என்று கட்டளை கொடுப்பதை விட்டு "இத்தனை வோல்ட்" என்று கொடுத்து, அந்த நேரத்துப் பேட்டரி வோல்ட்டேஜால் வகுத்துச் சதவீதத்தைக் கண்டுபிடித்தால், காலையில் ஓடிய எலி மாலையிலும் அதே மாதிரி ஓடும். லிப்போவை அதற்கென்று உள்ள பேலன்ஸ் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும், ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நிரல் ஓடும் போர்டு எது? ஆர்டுயினோ நானோவில் 2 கிலோபைட் நினைவகம்தான், ஆனாலும் 256 கட்டத்துக்குச் சுவருக்கு ஒரு பைட், தூரத்துக்கு ஒரு பைட் என்று 512 பைட்டில் வரைபடம் அடங்கிவிடும். நெருக்கடி வேறு இடத்தில்: அதில் வெளி இன்டரப்ட் பின் (சமிக்ஞை மாறிய கணமே நிரலுக்குத் தெரிவிக்கும் கால்) இரண்டுதான், என்கோடர்களுக்கோ நான்கு கம்பி. எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32 போன்றவற்றில் என்கோடரை எண்ணுவதற்கென்றே உள்ளே வன்பொருள் இருக்கிறது, எலி எவ்வளவு வேகமாக ஓடினாலும் எண்ணிக்கை தவறாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் இவற்றில் ஒன்றை எடுங்கள். ஈஎஸ்பி32 என்றால் இரண்டாவது ஏடிசியின் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதி) பின்களை சென்சாருக்குக் கொடுக்காதீர்கள், வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது.

இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இழுக்கிற மின்சாரத்தில் போர்டு ரீசெட் ஆவது எல்லோருக்கும் வரும் சிக்கல். எலி கிளம்பியதும் வரைபடத்தை மறந்து புதிதாகத் தொடங்கினால் நிரலில் தேடாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள். டிரைவருக்குப் பக்கத்திலேயே 220 அல்லது 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கும் குறுக்கே 100 நானோஃபாரட், மோட்டாரின் கிரவுண்ட் கம்பியும் சென்சாரின் கிரவுண்ட் கம்பியும் பேட்டரி முனையில் மட்டும் சேர்கிற மாதிரி அமைப்பு. இந்த மூன்றும் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கண்கள்

மீயொலி சென்சாரில் தொடங்கவே வேண்டாம். அதன் பார்வை அகலமானது, சாய்ந்த சுவரில் பட்ட ஒலி வேறெங்கோ தெறித்துப்போகும், ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 60 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். லேசர் மூலம் தூரம் அளக்கும் விஎல்53எல்0எக்ஸ் நல்ல சென்சார், மில்லிமீட்டரிலேயே விடை தரும், ஆனால் வழக்கமான அமைப்பில் ஒரு அளவுக்கு 33 மில்லிவினாடி எடுக்கும். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அதற்குள் எலி 16 மி.மீ. நகர்ந்திருக்கும். மெதுவாக ஓடும் முதல் எலிக்குப் பரவாயில்லை. ஒன்றுக்கு மேல் வைத்தால் எல்லாமே ஒரே ஐ2சி முகவரியோடு (ஐ2சி: பல சிப்கள் ஒரே இரண்டு கம்பியைப் பகிர்ந்து பேசும் முறை) விழிக்கும் என்பதால், ஒவ்வொன்றாக எழுப்பி முகவரியை மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கம்பி வேண்டும்.

நான் பரிந்துரைப்பது பழைய வழியைத்தான்: ஒரு அகச்சிவப்பு எல்இடி, அதன் பக்கத்தில் ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடிரான்சிஸ்டர். இப்படி நான்கு ஜோடி. இரண்டு நேர் முன்னால், இரண்டு பக்கவாட்டில் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்து. ஒளி குறுகலாகப் போகிற எல்இடியாகப் பார்த்து எடுங்கள். ஃபோட்டோடிரான்சிஸ்டரின் மேல் கறுப்புக் குழாய் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து எல்இடியின் ஒளி நேராக அதற்குள் ஒழுகி, சுவரே இல்லாத இடத்திலும் சுவர் தெரியும்.

படிக்கிற முறை இப்படி: எல்இடி அணைந்திருக்கும்போது ஒரு அளவு எடு, எல்இடியை ஏற்று, 50 முதல் 100 மைக்ரோவினாடி பொறு, இன்னொரு அளவு எடு, அணை, இரண்டையும் கழி. அறை வெளிச்சம் கழிந்துபோய், சுவரிலிருந்து வந்த ஒளி மட்டும் மிஞ்சும். இத்தனை குறைந்த நேரம் மட்டும் எரிவதால் தாராளமாக மின்சாரம் கொடுக்கலாம், ஆனால் நிரல் நடுவில் நின்று எல்இடி அணையாமலே இருந்துவிட்டால் கருகிவிடும், அதனால் முதல் சோதனைகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்யுங்கள்.

கிடைக்கிற எண் தூரம் கிடையாது, வெறும் பிரகாசம். சுவர் நெருங்க நெருங்க வேகமாக ஏறும், தள்ளிப்போனால் படுத்துவிடும். ஆகவே எலியைச் சுவரிலிருந்து 20 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை 10 மி.மீ. நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாக அட்டவணை எடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு மாலை முழுக்கப் போகும், ஆனால் ஒரே மாடல் சென்சார் இரண்டு ஒரே எண்ணைக் காட்டுவதில்லை என்பதை நேரில் பார்த்துவிட்டால் ஏன் என்று புரிந்துவிடும்.

இதற்கான சோதனை: எலியின் மேல் மூன்று சாதாரண எல்இடி வையுங்கள். இடம், முன், வலம். சுவர் இருக்கிறது என்று எலி நினைத்தால் அது எரிய வேண்டும். கையால் எலியைத் தளம் முழுவதும் தள்ளிக்கொண்டு போங்கள், விளக்குச் சாய்ந்த இடத்தில், ஜன்னல் பக்கத்தில், நிழலில். ஒரு இடத்திலும் பொய் சொல்லக்கூடாது. இந்த மூன்று விளக்கும் பிறகு ஓடும்போது காட்டிக்கொடுக்கிற தவறுகளை வேறெந்தக் கருவியும் அவ்வளவு சுலபமாகக் காட்டிக்கொடுக்காது.

கால்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும்.

மோட்டார் அச்சு ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை, கியர் 30-க்கு 1 என்றால், சக்கரம் ஒரு சுற்றுக்கு 360 எண்ணிக்கை. 32 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 100.5 மி.மீ. ஆக ஒரு எண்ணிக்கைக்கு 0.28 மி.மீ., ஒரு கட்டத்துக்கு சுமார் 645 எண்ணிக்கை. சக்கரங்களுக்கு இடையே 75 மி.மீ. என்றால் 90 டிகிரி திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 58.9 மி.மீ. ஓட வேண்டும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இந்த எண்களை உங்கள் உதிரிகளுக்கு ஏற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

"645 எண்ணிக்கை வரும்வரை மோட்டாரை ஓட்டு, வந்ததும் நிறுத்து" என்று எழுதினால் எலி தாண்டிப்போய் நிற்கும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவுக்கு. சரியான வழி, ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஒரு முறை டைமர் மூலம் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு நிரல்வட்டம். அது, இந்தக் கணத்தில் எலி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று என்கோடரைப் பார்த்து, வித்தியாசத்துக்கு ஏற்ப மோட்டாருக்கு வோல்ட்டேஜ் கொடுக்கும். எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது சீராக ஏறி, சமமாக ஓடி, சீராக இறங்குகிற வேகத்திலிருந்து வருகிறது. வேகத்தை 0.5 மீட்டரிலிருந்து வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் குறைத்தால் நிற்க 62.5 மி.மீ. வேண்டும் (வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும்), அதனால் மிச்சத் தூரம் 62.5-ஐத் தொட்டதும் குறைக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டு நுணுக்கம். இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று என்று கட்டுப்பாடு எழுதுவதுதான் முதலில் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். முன்னே போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என்று எழுதுங்கள். இரண்டு என்கோடரின் சராசரி முன்னேற்றம், வித்தியாசம் திருப்பம். விடைகளைக் கூட்டினால் ஒரு மோட்டார், கழித்தால் மற்ற மோட்டார். பிறகு கைரோவையும் (திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார்) சுவர்த் திருத்தத்தையும் சேர்க்கும்போது, திருப்பம் என்கிற அந்த ஒரே இடத்தில் போட்டால் முடிந்தது. அடுத்தது, அரை மீட்டர் வேகத்தில் ஒரு மில்லிவினாடிக்கு இரண்டு எண்ணிக்கைகூட வருவதில்லை, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டால் எண் தாறுமாறாகக் குதிக்கும். வேகத்தைத் துரத்தாமல் இடத்தைத் துரத்துங்கள். பிழையின் அளவையும் அது மாறும் வேகத்தையும் பார்க்கிற பிடி கட்டுப்பாடு போதும். பிழையைச் சேர்த்துக்கொண்டே போகிற ஐ பகுதி இங்கே தேவைப்பட்டதே இல்லை எனக்கு.

எம்பியு6050 போன்ற கைரோ ஒன்றைச் சேர்ப்பது இந்த எலியில் நீங்கள் செய்யப்போகும் சிறந்த காரியம். சக்கரம் வழுக்கினால் என்கோடர் ஏமாறும், கைரோ ஏமாறாது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு, சும்மா இருக்கும்போதே கொஞ்சம் சுற்றுவதாகச் சொல்லும். பொத்தானை அழுத்திக் கையை எடுத்தபின் ஒரு வினாடி அசையாமல் நின்று, அந்தச் சராசரியை எடுத்து, பிறகு எல்லா அளவிலிருந்தும் கழித்துக்கொள்ள வேண்டும். திரும்புகிற வேகத்துக்கு ஏற்ற வரம்பை அமைக்கவும் மறக்காதீர்கள், எலி வினாடிக்கு 500 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

இப்போது அளவுத்திருத்தம். 1.8 மீட்டர் சந்தில், சுவர் பார்க்காமல், 10 கட்டம் ஓடச் சொல்லுங்கள். நின்ற இடத்தை அளந்து, நிஜத் தூரத்துக்கும் சொன்ன தூரத்துக்கும் உள்ள விகிதத்தால் சக்கரத்தின் விட்டத்தைத் திருத்துங்கள். ரப்பர் அமுங்குவதால் அளவுகோலில் பார்த்த விட்டமும் ஓடும்போது இருக்கிற விட்டமும் ஒன்றாக இருக்காது. அப்புறம் நின்ற இடத்திலேயே 10 முழுச்சுற்று. முடிவில் 15 டிகிரி தப்பியிருந்தால் பிழை 0.4 சதவீதம்தான், கைரோவின் பெருக்கு எண்ணை அவ்வளவு மாற்றினால் போதும். ஒரே ஒரு 90 டிகிரியை வைத்துத் திருத்த முயன்றால் கண்ணால் அந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

தேறுவதற்கான அளவு: சுவர் உதவியே இல்லாமல் 2 × 2 கட்டச் சதுரத்தைச் சுற்றி 5 முறை ஓடி, கிளம்பிய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிறகு எல்லாவற்றிலும் அவசரப்பட்டதாக ஆகிவிடும்.

சுவரைப் பார்த்துத் திருத்திக்கொள்வது

இருபக்கமும் சுவர் இருந்தால் இரண்டின் வித்தியாசத்தைப் பார்த்து நடுவுக்கு வரலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், நடுவில் நிற்கும்போது அந்த சென்சார் காட்டுகிற எண்ணை முன்பே குறித்துவைத்து, அதோடு ஒப்பிடலாம். இரண்டும் இல்லையென்றால் கைரோ மட்டும். முன்சுவர் நெருங்கும்போது பக்க சென்சார் அதையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பும் என்பதால் அப்போது பக்கத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

முன்பின் தூரத்தைத் திருத்துவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. பக்கச் சுவர் முடிகிற இடத்தில் சென்சார் எண் சட்டென்று விழும். அந்த விழுகை எப்போதுமே கட்டத்துக்குள் ஒரே இடத்தில்தான் நடக்கும், ஏனென்றால் தூண் நகர்வதில்லை. சில முறை ஓடவிட்டு அது எத்தனையாவது மில்லிமீட்டரில் நடக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறை விழும்போதும் எலியின் இடத்தை அந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இத்தனை கட்டமாகச் சேர்ந்த பிழை எல்லாம் அந்த ஒரு கணத்தில் கழுவிவிட்ட மாதிரி போய்விடும். முட்டுச்சந்தில் முன்சுவரைப் பார்த்து நேராக நின்றுகொள்வதும் இதே வேலையைச் செய்யும், அங்கே கோணமும் சேர்ந்து சரியாகும்.

அடுத்த கட்டத்தின் சுவர்களை எப்போது படிப்பது என்பதையும் இப்படித்தான் அளந்து முடிவு செய்ய வேண்டும். சாய்ந்த சென்சார் எல்லைக்கோட்டை நெருங்கும்போதே அடுத்த கட்டத்துச் சுவரைப் பார்க்கத் தொடங்கும். சரியான புள்ளியில் மூன்று சுவரையும் ஒரே முறை படித்து, முடிவை எழுதிக்கொண்டு, அப்புறம் மாற்றாதீர்கள்.

மூளை

எலி வழி தேடும் முறைக்கு ஃபிளட் ஃபில் என்று பெயர். இலக்குக் கட்டங்களில் தண்ணீரை ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது சுவர் இல்லாத பக்கமாகப் பரவுகிறது, ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனையாவது அடியில் எட்டியதோ அதுவே அந்தக் கட்டத்தின் எண். இலக்கு 0, அதன் அண்டை 1, அதற்கும் அண்டை 2. எலி எங்கே நின்றாலும், வழி திறந்திருக்கும் அண்டைக் கட்டங்களில் சிறிய எண் உள்ளதற்குப் போனால் போதும்.

தொடக்கத்தில் எலிக்கு வெளிச்சுவரும் தன் கட்டத்துச் சுவர்களும் மட்டுமே தெரியும், மற்ற எல்லாமே திறந்தவெளி என்று நம்பிக் கிளம்பும். ஒரு கட்டத்தில் 3 என்று இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தால் முட்டுச்சந்து, வெளியே வர ஒரே வழி 4 என்ற கட்டம் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். அந்த 4-க்கு மற்ற அண்டைகள் 5 என்றால் அது 6 ஆகும், முட்டுச்சந்து 7 ஆகும். எலி தானாகவே வெளியே வந்து 5-ஐத் தேடிப் போகும், "முட்டுச்சந்து என்றால் திரும்பு" என்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

மாறிய கட்டங்களை மட்டும் புதுப்பிக்கிற சிக்கனமான வடிவமும் இருக்கிறது. அதை விடுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் முழுவதையும் புதிதாகக் கணக்கிடுங்கள். 256 கட்டத்துக்கு ஒரு வரிசை வைத்துச் செய்தால் சில மில்லிவினாடிதான், 0.3 மீட்டர் வேகத்தில் ஒரு கட்டம் கடக்க எலிக்கு 600 மில்லிவினாடி ஆகிறது. எளிய நிரலில் பிழை ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

சுவருக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட்: வடக்கு 1, கிழக்கு 2, தெற்கு 4, மேற்கு 8, இருப்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கட்டத்துக்குப் போய்ப் பார்த்தாயிற்றா என்பதற்கு இன்னொரு பிட். எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தவறு, சுவரை ஒரு பக்கம் மட்டும் எழுதுவது. இந்தக் கட்டத்தின் கிழக்குச் சுவர்தான் அடுத்த கட்டத்தின் மேற்குச் சுவர், இரண்டையும் சேர்த்து எழுதுகிற ஒரே ஒரு செயற்கூறு இருக்கட்டும், வேறெங்கிருந்தும் சுவர் எழுதாதீர்கள். திசைக்கு 0 முதல் 3 வரை. வலம் திரும்பினால் 1 கூட்டு, இடம் திரும்பினால் 3 கூட்டு, 4-ஆல் வகுத்து மீதியை எடு. இரண்டு அண்டைக்கும் ஒரே எண் வந்தால் நேராகப் போகிறதையே தேர்ந்தெடுங்கள், திருப்பம் குறைந்தால் பிழையும் குறையும்.

இந்தப் பகுதியை முதலில் கணினியில் எழுதி, பல புதிர்ப்பாதைகளில் ஓட்டிப் பாருங்கள். வன்பொருளோடு பேசுவது "சுவர் உண்டா", "ஒரு கட்டம் போ", "திரும்பு" என்று மூன்று செயற்கூறுகள் வழியாக மட்டும் இருந்தால், அதே கோப்பு மாறாமல் எலிக்குள் போய்விடும்.

எப்போது தேடுவதை நிறுத்துவது

இலக்கைத் தொட்டதும் நின்றுவிடக்கூடாது. போன வழி சிறந்த வழியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. திரும்பி வரும்போது இலக்கைத் தொடக்கமூலைக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றினால், எலி பெரும்பாலும் வேறு வழியாக வந்து புதிய கட்டங்களையும் பார்த்துக்கொள்ளும்.

போதுமா என்று தெரிந்துகொள்ள அழகான ஒரு வழி உண்டு. இரண்டு முறை கணக்கிடுங்கள். ஒரு முறை, போகாத கட்டங்களைத் திறந்தவெளியாக நினைத்து. இன்னொரு முறை, போகாத கட்டங்கள் எல்லாம் அடைத்திருப்பதாக நினைத்து. இரண்டிலும் தொடக்கத்திலிருந்து இலக்குக்கு ஒரே எண் வந்தால், பார்க்காத இடத்தில் என்ன இருந்தாலும் இதைவிடக் குறுகிய வழி கிடையாது. தேடலை நிறுத்திவிடலாம். எண்கள் வேறுபட்டால், முதல் கணக்கு காட்டும் வழியில் இருக்கிற போகாத கட்டங்களை மட்டும் போய்ப் பார்த்தால் போதும்.

தேடிக் கிடைத்த வரைபடத்தை அவ்வப்போது மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவையுங்கள். எலி எங்காவது முட்டி நின்றாலும் எடுத்து மூலையில் வைத்து, அதே வரைபடத்தோடு மறுபடி கிளம்பலாம். முட்டியதற்கு முன் கடைசியாகப் பார்த்த சில கட்டங்களின் சுவர்களை அழித்துவிட்டுக் கிளம்புவது நல்லது, தப்பாக எழுதியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இலக்குக்கு வழியே இல்லை என்று கணக்கு சொன்னால் இல்லாத சுவரை எங்கோ எழுதிவிட்டது என்று பொருள்.

வேக ஓட்டம்

போகாத கட்டங்களை அடைத்தவையாகவே வைத்துக்கொண்டு வழியை எடுத்து, கட்டளை வரிசையாக மாற்றுங்கள். அடுத்தடுத்து வரும் மூன்று "முன்னே"யை "540 மி.மீ." என்ற ஒரே ஓட்டமாகச் சேர்த்தால் நடுவில் வேகம் ஏற இடம் கிடைக்கும். அப்புறம் நின்று திரும்புவதை விட்டு, வளைந்தபடியே திரும்பப் பழக்க வேண்டும்: முன்வேகத்தை மாற்றாமல், திரும்பும் வேகத்தை மட்டும் சீராக ஏற்றி இறக்குங்கள். திருப்பம் தொடங்கும் இடம் மிக முக்கியம், அதைச் சுவர் விழுகையை வைத்தே தீர்மானியுங்கள்.

இந்த அளவுக்கு வந்தபின் கட்டங்களை எண்ணுவதற்குப் பதில் நேரத்தை எண்ணலாம். நீண்ட நேர் ஓட்டம் உள்ள 40 கட்ட வழி, வளைந்து வளைந்து போகிற 36 கட்ட வழியை முந்தக்கூடும். ஒவ்வொரு நேர் நீளத்துக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உங்கள் எலி நிஜத்தில் எடுக்கிற நேரத்தை அளந்து, அதையே செலவாக வைத்து வழி தேட வேண்டும். குறுக்கு ஓட்டம் அதற்கும் அப்புறம்.

ஓடும்போது நடந்ததை நினைவகத்தில் பதிவு செய்யுங்கள்: ஒவ்வொரு சில மில்லிவினாடிக்கும் இருக்க வேண்டிய இடம், இருந்த இடம், கைரோ கோணம், நான்கு சென்சார். ஓடி முடிந்தபின் கணினியில் கோட்டுப்படமாகப் பார்த்தால், கண்ணால் பார்த்து ஊகித்தது பாதி தப்பு என்று தெரியவரும்.

வேகத்தை 0.1 மீட்டர் வீதம் மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும் ஒவ்வொரு முறையும், ஒரு திருப்பத்துக்குக் கைரோ சொல்கிற கோணத்தையும் என்கோடர்களின் வித்தியாசம் சொல்கிற கோணத்தையும் அந்தப் பதிவில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் விலகத் தொடங்கினால் சக்கரம் வழுக்குகிறது. முதலில் ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் டயரை உருட்டித் தூசியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். எடுத்த பிறகும் விலகினால் அந்த டயருக்கும் எடைக்கும் அதுதான் எல்லை, திருப்பத்தின் வேகத்தை ஒரு படி இறக்கிக்கொண்டு நேர் ஓட்டத்தில் நேரத்தைத் தேடுங்கள்.